சூளை சூடு மீறினால் குற்றம் யாருடையது?

 

கொஞ்சம் நீளமான பதிவு. மழையும் விட்டபாடில்லை. ஒரு பிளேன்டீயை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு விஷயம் தெரியும். நலன்விரும்பி ஒருவர் தன்னிடமுள்ள பழைய மின்சூளையை நமது பாடசாலைக்குத் தர முன்வந்திருக்கிறார். களிமண் சாமான் சுடுகிற அடுப்பு அது. பார்வைக்கு ஒரு பெரிய பீப்பாய் மாதிரி இருக்கும். உள்ளே வெள்ளைச் செங்கல், செங்கல்லில் வெட்டிய காடிக்குள் கம்பிச் சுருள். தரும்போதே அந்த மனிதர் உண்மையையும் சொல்லிவிட்டார்: “சேர், சில நேரம் அது சொன்ன சூட்டில் நிற்காது, மேலே போய்விடும்.”

இதைக் கூட்டத்தில் சொன்னதும் ஒரு பக்கம் “பழைய இரும்புக்குப் போடுங்கள்” என்றார்கள். இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டார்: “ஏதாவது எரிஞ்சு போனா யாரு சேர் பொறுப்பு? பக்கத்துல நிக்கிற புள்ளையத்தானே கேப்பாங்க?”

அந்தக் கேள்விக்கு அன்று நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது.

நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்த காலத்தில் எங்கள் கல்லூரியிலும் ஒரு மின்சூளை இருந்தது. கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். ஒருநாள் கடைசிப் பருவத்துக் கைவினைப் பொருட்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் அடுக்கி, 1,000 பாகை செல்சியஸ் என்று கொடுத்துச் சூளையைப் போட்டோம். காவல் முறை எங்கள் தொகுதித் தங்கை ஒருவருடையது. மறுநாள் காலை மூடியைத் திறந்தால், சட்டிகளும் பொம்மைகளும் வெல்லப் பாகு மாதிரி உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, தட்டில் வழிந்து இறுகிக் கிடந்தன. கம்பிச் சுருளும் இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. “அவ இலக்கத்தைப் பிழையா அடிச்சிருக்கா” என்று முடிவாயிற்று. மன்னிப்புக் கடிதம் எழுத வைத்தார்கள். தொகுதித் தலைவன் என்ற முறையில் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சூளை அறைப் பக்கமே வரவில்லை.

மீதியைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் சூளை என்ற பொருளின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். மனிதன் மண்ணைச் சுடத் தொடங்கிய நாளிலிருந்து அவனுக்கு இருந்த பெரிய தலையிடி சூடு ஏற்றுவது அல்ல. எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொள்வதும், சரியான இடத்தில் நிறுத்துவதும்தான்.

சூடு ஏற்றுவதில் நமது நாட்டு ஆட்கள் எப்படிப்பட்ட கெட்டிக்காரர்கள் என்பதற்கு மலைக்கு அந்தப் பக்கமே சாட்சி இருக்கிறது. பலாங்கொடைக்குக் கிட்ட சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டப்போன காலத்தில், தண்ணீருக்குள் போகவிருந்த பிரதேசத்தைத் தொல்லியலாளர்கள் ஆராய்ந்தார்கள். அங்கே மேற்குப் பார்த்த மலைச்சரிவுகளில் இரும்பு உருக்கும் பழைய உலைகள் வரிசையாகக் கிடைத்தன. கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் 1994இல் அதே மாதிரி உலையைக் கட்டி எரித்துப் பார்த்து, 1996இல் நேச்சர் சஞ்சிகையில் எழுதினார். துருத்தி கிடையாது. தென்மேல் பருவக்காற்று உலையின் முன்சுவருக்கு மேலால் பாயும்போது அதுவே காற்றை உள்ளே இழுத்துக்கொடுத்தது. காலம் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. ஆடி மாதத்தில் நமது கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகிற அதே காற்றுதான். மின்சாரத்துக்காக அணை கட்டப்போய்க் காற்றில் எரிந்த உலையைக் கண்டுபிடித்தது ஒரு வேடிக்கை.

சரி, சூடு கிடைத்துவிட்டது. அளப்பது எப்படி?

முதலில் கண். இருட்டில் பார்த்தால் 600 பாகையளவில் மங்கிய சிவப்புத் தெரியும். 800இல் செர்ரிப் பழச் சிவப்பு. 1,000இல் செம்மஞ்சள். 1,200ஐத் தாண்டினால் வெளிறிய மஞ்சள், பிறகு வெள்ளை. பழகிய குயவர் ஒருவர் இதை வைத்தே வாழ்நாள் முழுக்கச் சுட்டிருப்பார். ஆனால் வெயில் நேரத்தில் நிறம் ஒன்றாகத் தெரியும், இரவில் இன்னொன்றாகத் தெரியும். பன்னிரண்டு மணித்தியாலம் கண் விழித்தவனுக்கு வேறொன்றாகத் தெரியும்.

நமது முஸ்லிம் உலகத்தில் இதைப் பற்றி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஈரானின் காஷான் நகரத்துக் குயவர் குடும்பத்தில் பிறந்து, மங்கோலிய இல்கான்களின் அரசவையில் வரலாற்றாசிரியராக இருந்த அபுல் காசிம் காஷானி. ஹிஜ்ரி 700, அதாவது கி.பி. 1301இல் எழுதிய நூலில் தன் குடும்பத் தொழிலுக்கு ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். சூளைக்குள் சுவரில் முளை அடித்துப் பாத்திரங்களை எப்படி அடுக்குவது, பன்னிரண்டு மணித்தியாலம் ஒரே சீராக எப்படி எரிப்பது என்றெல்லாம் விளக்குகிறார். போட்ட விறகின் புகை அடங்கும் வரை அடுத்த விறகைப் போடக்கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொல்கிறார். எனக்கு இது மிகவும் பிடித்த இடம். கருவி ஒன்றும் இல்லாத காலத்தில் அவசரத்துக்கு ஒரு தடை கட்டி வைத்திருக்கிறார்கள். புகை அடங்குவதுதான் அவர்களுடைய கொன்ட்ரோலர். பிறகு ஒரு கிழமை ஆறவிட்டுத்தான் சூளையைத் திறப்பார்களாம். (அர்-ரஹ்மான் சூராவில் மனிதப் படைப்புக்கு மண்பாண்டம் உவமையாக வரும் இடத்தை ஓதும்போதெல்லாம் எனக்குக் காஷான் சூளை நினைவுக்கு வரும். அது என் பலவீனம்.)

சீனர்கள் சொங் அரச காலத்திலேயே இன்னொரு வழி வைத்திருந்தார்கள். ஓட்டை போட்ட சின்ன மண் துண்டுகளைச் சூளையின் பார்வைத் துவாரத்துக்குக் கிட்ட வைத்து, நேரத்துக்கு நேரம் இரும்புக் கொக்கியால் ஒன்றை வெளியே இழுத்துப் பார்ப்பது. சோற்றுப் பதம் பார்க்கிற மாதிரி.

அடுத்த பெரிய அடி இங்கிலாந்தில். ஜொசையா வெட்ஜ்வுட் என்ற பெயரைப் பீங்கான் தட்டின் அடியில் சிலர் பார்த்திருப்பீர்கள். 1782இல் அவர் லண்டன் ரோயல் சொசைட்டிக்கு ஒரு கருவியைப் பற்றிக் கட்டுரை கொடுத்தார். மண் சுடச்சுடச் சுருங்கும். சூடு கூடக்கூட இன்னும் சுருங்கும். ஒரே அளவில் செய்த சின்ன மண் உருளைகளைச் சூளைக்குள் போட்டு எடுத்து, ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் உள்ள பித்தளைக் காடிக்குள் தள்ளுவார். எவ்வளவு தூரம் உள்ளே போகிறதோ அவ்வளவு சூடு. அடுத்த வருடம் அவரை அந்தச் சங்கத்தில் உறுப்பினராக்கினார்கள்.

கருவி அருமைதான், ஆனால் பிழை. தன் அளவுகோலைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது வார்ப்பிரும்பு உருகுவது 17,977 பாகையில் என்று கணக்கு வந்தது. செல்சியஸில் கிட்டத்தட்ட 10,000. சூரியனின் மேற்பரப்பே ஏறக்குறைய 5,500தான்! உண்மையில் வார்ப்பிரும்பு 1,200 பாகையளவில் உருகிவிடும். மண் அவர் நினைத்தபடி சீராகச் சுருங்கவில்லை. அதோடு முதல் உருளைகள் செய்த கோர்ன்வால் மண் தீர்ந்துபோக, பிறகு வந்த மண் வேறு மாதிரிச் சுருங்கியது. இத்தனைக்கும் வெட்ஜ்வுட்டின் சூளைகள் நன்றாகவே சுட்டன. இலக்கம் பொய்யாக இருந்தாலும், நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் நின்றால் குயவனுக்குப் போதும். மண் மாறியபோதுதான் சிக்கல்.

நூறு வருடம் கழித்து, 1886இல், பெர்லினின் அரச பீங்கான் தொழிற்சாலையில் ஹெர்மன் சேகர் என்ற வேதியியலாளர் இலக்கத்தையே விட்டுவிட்டார். மண்ணும் கண்ணாடிப் பொருளும் வெவ்வேறு அளவில் கலந்து சின்னக் கூம்புகள் செய்தார். ஒவ்வொன்றும் தனக்குரிய சூட்டில் தலை சாயும். இதில் ஒரு நுட்பம் உண்டு. கூம்பு பார்ப்பது சூட்டை மட்டுமல்ல, அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதையும் சேர்த்து. சட்டிக்குள் நடப்பதும் அதுதானே. அமெரிக்காவில் எட்வர்ட் ஓர்ட்டன் 1896இலிருந்து இதே மாதிரிக் கூம்புகளைச் செய்தார். இன்று உலகம் முழுக்கப் போவது பெரும்பாலும் அந்த இலக்கமுறைதான்.

அந்த இலக்கமுறையில் ஒரு பொறி இருக்கிறது. கூம்பு 06 என்பது 1,000 பாகைக்குக் கிட்ட. கூம்பு 6 என்பது 1,220 பாகைக்குக் கிட்ட. முன்னால் ஒரு சைபரை விட்டுவிட்டால் 200 பாகைக்கு மேல் வித்தியாசம்! நமது பக்கத்துச் செம்மண்ணில் இரும்புச் சத்து கூட. அது 1,000இல் நன்றாகச் சுடும், 1,200இல் கொப்பளித்து உருகும். உலகத்தில் எத்தனையோ சூளைகள் இந்த ஒரு சைபரால் நாசமாகியிருக்கின்றன.

மின்சார அளவைக்கு வருவோம். 1821இல் சீபெக் என்பவர், இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்து ஒரு முனையைச் சூடாக்கினால் மின் விளைவு ஒன்று பிறப்பதைக் கண்டார். 1880களில் பிரான்சின் லெ ஷாத்தலியே பிளாட்டினக் கம்பியையும் ரோடியம் கலந்த பிளாட்டினக் கம்பியையும் சேர்த்து அதை நம்பகமான சூடுமானியாக்கினார். தெர்மோகப்பிள் என்று மின்சார பாஸ்மார் சொல்வது இதைத்தான். சூளைச் சுவரிலிருந்து உள்ளே ஒரு விரலளவு நீட்டிக்கொண்டிருக்கும்.

சூளைக் கம்பியும் சாதாரணமானதல்ல. நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. பிறகு ஸ்வீடனில் ஹான்ஸ் ஃபான் கான்ட்சோவ் இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்த்து உருவாக்கிய காந்தல் வந்தது. காந்தல் இன்னும் கூடிய சூட்டைத் தாங்கும். இதற்குப் பிறகுதான் புகையில்லாத, ஒரு பள்ளிக்கூட அறைக்குள் வைக்கக்கூடிய சூளை சாத்தியமாயிற்று.

அதற்கு வேண்டிய மின்சாரம் இந்த நாட்டில் எங்கே தொடங்கியது என்று நோட்டன் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1874இல் காலியில் பிறந்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, கெஹெல்கமு ஓயாவையும் மஸ்கெலியா ஓயாவையும் பார்த்துவிட்டு, இந்த விழுகிற தண்ணீரில் நாட்டுக்கே வெளிச்சம் இருக்கிறது என்றார். 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் அதைக் கட்டுரையாகவும் வைத்தார். வேலை 1920களில் தொடங்கி, நின்று, திரும்பத் தொடங்கி, நமது அணையில் மறித்த தண்ணீர் சுரங்கம் வழியாக லக்ஷபானவுக்குப் போய் மின்சாரமானது 1950இல். அவர் 1953இல் காலமானார். 1965இல் இங்கே ஓடத் தொடங்கிய 50 மெகாவாட் நிலையத்துக்கு அவருடைய பெயர். அணையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த நமது தோட்டத்து லயன்கள் பலவற்றில் அதற்குப் பிறகும் நெடுங்காலம் குப்பி விளக்குத்தான் எரிந்தது. அதை இன்னொரு பதிவில் எழுத வேண்டும்.

இப்போது அந்தப் பழைய சூளைக்கு வருகிறேன். மின்சூளையில் இரண்டு ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கண், ஒருவர் கை. கண் என்பது தெர்மோகப்பிளும் கொன்ட்ரோலரும். கை என்பது கரண்டைப் போட்டு நிறுத்துகிற ரிலே. சூடு மீறினால், கண் பொய் சொல்லியிருக்க வேண்டும், அல்லது கை விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

கண் எப்படிப் பொய் சொல்லும்? தெர்மோகப்பிள் துவாரத்துக்குள் பின்னால் நழுவிச் செங்கல்லுக்குள் ஒளிந்திருக்கலாம். அறையின் சூடு அதற்குத் தெரியாது. பழசாகி, உள்ளதைவிடக் குறைவாகக் காட்டலாம். வயர் வெளியே எங்காவது ஒன்றோடொன்று தொட்டால், அது தொட்ட இடத்தின் சூட்டைத்தான் சொல்லும். இன்னொன்று, வகை மாறியிருக்கலாம். கே வகைக்கு அமைத்த கொன்ட்ரோலரில் பிளாட்டின எஸ் வகையைப் பூட்டினால், உள்ளே 1,000 பாகை இருக்கும்போது அது 236 என்று காட்டும். கொன்ட்ரோலர் “இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும்” என்று கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

கை எப்படிப் பிழைக்கும்? ரிலேயின் தொடுமுனைகள் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஒரு பொறி பறக்கும். ஆயிரக்கணக்கான தடவைக்குப் பிறகு முனை தேய்ந்து, ஒருநாள் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். கொன்ட்ரோலர் “முடிந்தது” என்று காட்டும். கம்பி மட்டும் தொடர்ந்து சிவந்துகொண்டிருக்கும்.

இரண்டையும் பிரித்தறிய சேகரின் கூம்பு போதும். தெர்மோகப்பிளுக்குப் பக்கத்தில் ஒரு 06 கூம்பையும் அதைவிடக் கூடிய ஒன்றையும் வைத்து, ஆள் பக்கத்தில் நின்று வெறும் சூளையை 1,000க்குச் சுடுவது. திரையில் 1,000ஐத் தாண்டாமலே கூடிய கூம்பும் படுத்துவிட்டால் கண் பொய். திரையிலேயே 1,000ஐத் தாண்டி ஏறினால் கண் உண்மை சொல்கிறது, கை விடவில்லை. அந்த நிமிடமே சுவர் சுவிட்சை நிறுத்த வேண்டும்.

தருகிறவர் “சில நேரம்” என்று சொன்னதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். வகை மாறியிருந்தால் ஒவ்வொரு தடவையும் மீறும். தெர்மோகப்பிள் பழசானதென்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். விட்டு விட்டு வருகிற நோய் பெரும்பாலும் ஒட்டிப் பிடிக்கிற ரிலேதான். தட்டினால் விட்டுவிடும், நாளைக்குத் திரும்பப் பிடிக்கும்.

நமது ஊருக்கென்று இன்னொரு விஷயமும் உண்டு. கொன்ட்ரோலர் இல்லாமல், நேரக் கணக்கில் மட்டும் நிறுத்துகிற பழைய சூளை என்றால் இரவில் கவனம். மாலை ஆறரைக்குப் பிறகு எல்லா வீட்டிலும் விளக்கும் டிவியும் ஓடும்போது வோல்ட்டேஜ் இறங்கும், பத்தரைக்குப் பிறகு ஏறும். 215 வோல்ட் 240 ஆனால் கூடுவது எட்டில் ஒன்று. ஆனால் சூடு தரும் வலு வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் கால்வாசி கூடிவிடும். மாலையில் பழகிய நேரக் கணக்கை நடுஇரவில் போட்டால் சட்டி தீய்ந்துவிடும்.

தீய்வது என்றதும் பேக்டரிக்காரர்களுக்கு நினைவு வந்திருக்கும். தேயிலை உலர்த்துவதையும் ஆங்கிலத்தில் சுடுவது என்றுதானே சொல்கிறார்கள். பெல்ஃபாஸ்ட்காரர் சாமுவேல் டேவிட்சனின் சிரோக்கோ உலர்த்திகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தன. (சிரோக்கோ சஹாராவிலிருந்து வீசும் சூடான காற்று, சொல்லின் வேர் அரபியில் கிழக்கைக் குறிக்கும் ஷர்க்.) அதற்கு முன் கரி நெருப்பின் மேல்தான் உலர்த்தினார்கள். சூடு கூடினால் தூளில் தீய்ந்த வாசம் ஏறி ஏலத்தில் விலை விழும். விழுந்தால் முதலில் ஏச்சு வாங்குவது யார் என்று அங்கே வேலை செய்தவர்களைக் கேளுங்கள். உலர்த்தியின் சூடுமானி சரியா என்று பிறகுதான் பார்ப்பார்கள்.

எங்கள் கல்லூரியிலும் அதுதான் நடந்தது. மூன்று மாதம் கழித்துச் சூளையைத் திருத்த வந்த மின்சார பாஸ் ரிலேயைக் கழற்றி என் கையில் வைத்தார். இரண்டு முனையும் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தது. “இத யாரும் பிழையா அடிக்கல்ல தம்பி, இது விடல்ல” என்றார். அன்று மாலை நான் பதிவுக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அந்தத் தங்கையின் கையெழுத்தில் 8.50க்கு “1,000, முடிந்தது” என்று இருந்தது. அடுத்த வரி 9.20க்கு “1,046”. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. விடுதிக் கதவு ஒன்பதரைக்குப் பூட்டுவார்கள். அவர் யாரிடமோ சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்; போய்ப் படு, ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

1,200 என்று பிழையாக அடித்திருந்தால் கொன்ட்ரோலர் 1,000இல் “முடிந்தது” என்று காட்டியிருக்காது. அந்த ஒரு வரி அவரைக் காப்பாற்றியிருக்கும். கையெழுத்துப் போட முன் கொப்பியின் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் போதும். நான் பார்க்கவில்லை. ரிலேயைப் பார்த்த பிறகும் கடிதத்தைத் திருப்பி எடுக்கச் சொல்லி நான் யாரிடமும் போகவில்லை. பயிற்சி முடியும் நேரம், ஏன் வம்பு என்றிருந்தேன். அவர் இப்போது வேறு மாவட்டத்தில் படிப்பிக்கிறார். இதைப் பதியும் முன் அவருக்கு அனுப்பி, மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். “கொப்பியை யாராவது பார்த்தார்களே, அது போதும். போடுங்கள்” என்று எழுதினார்.

கூட்டத்தில் கேட்ட அம்மாவுக்கு என் பதில் இது. சூளை வந்தால், அது ஓடுகிற நேரம் முழுக்க நான் பக்கத்தில் இருப்பேன், மூடுகிற வரை. பிள்ளைகள் இலக்கத்தைக் கொப்பியில் எழுதுவார்கள், சுவிட்சில் கை வைக்க மாட்டார்கள். ரிலே புதிதாக மாற்றப்படும். அதற்கு மேலே, தனித் தெர்மோகப்பிளோடு இன்னொரு பாதுகாப்புக் கொன்டக்டரும் பூட்டுவோம். முதல் கை விடாவிட்டாலும் இரண்டாவது விடும். 6 கிலோவாட் சூளை 26 அம்பியர் இழுக்கும். சாதாரண ப்ளக் பொயின்டில் போட முடியாது, அதற்கென்று தனி வயரும் தனி ட்ரிப் சுவிட்சும் வேண்டும். இவ்வளவும் செய்ய முடியாவிட்டால் பழைய இரும்புக்கே போகட்டும், நான் எதிர்க்க மாட்டேன்.

ஊரில் மின்சார வேலை தெரிந்த நானாமார், அண்ணன்மார் இருந்தால், குறிப்பாகக் கிளாம்ப் மீட்டர் வைத்திருப்பவர்கள், இன்பொக்ஸில் சொல்லுங்கள். சூளையைப் பார்க்கப் போகும்போது ஒருவர் கூட வந்தால் நல்லது. போக்குவரத்துச் செலவு என்னுடையது, பகல் சாப்பாடும். 06 கூம்பு நான் வாங்கி வைத்திருக்கிறேன். சைபரை இரண்டு தடவை பார்த்துத்தான் வாங்கினேன்.

வஸ்ஸலாம்.